கச்சான் காற்றும் களுதாவளை வீடும்

மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்பர். நிலவு பொழியும் இரவிலே வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைச் செவியிலும் வைத்துக் கேட்டால், ஆழத்திலிருந்து யாழொலி போன்ற ஓர் இசை எழும் என்று அவ்வூரார் சொல்லுவர். அதனைத் தேடி வருவோர்க்கு நாம் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. இரவிற் செல்லுங்கள், ஆனி, ஆடி மாதத்து நண்பகலில் மட்டும் செல்லாதீர்கள். அவ்வேளையில் அந்நாட்டை ஆள்வது கச்சான்.

கச்சான் என்றதும் பிற ஊரார் வறுத்த நிலக்கடலையை நினைப்பர். மட்டக்களப்பாருக்கோ அஃது ஒரு காற்றின் பெயருமாகும். தென்மேற்குப் பருவக்காற்று நமது நாட்டின் மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் தன் மழையை எல்லாம் பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு கீழ்த்திசைக்கு இறங்குகின்றது. இறங்கும் காற்று அமுக்கப்படும். அமுக்கப்பட்ட காற்று சூடேறும். 100 மீற்றர் இறங்குந்தோறும் ஏறத்தாழ ஒரு பாகை வெப்பம் ஏறுவதாகப் பௌதிக நூல்கள் கூறும். அல்ப்சு மலைநாட்டில் வீசும் ‘ஃபோன்’ என்னும் காற்றும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உலகத்து வானிலை அகராதிகளிலே கச்சான் என்னும் நமது சொல்லும் இடம் பெற்றிருக்கின்றது. அங்கு உதாரணமாகக் காட்டப்படும் ஊர் மட்டக்களப்பு. கச்சான் பலமாக வீசும் நாட்களில் கடற்காற்றும் அதற்கு அஞ்சிப் பின்வாங்கும். வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுவதுண்டு.

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இக்காற்று வீசிய ஒரு நண்பகலில், களுதாவளையில் வாழும் எமது பெரிய தாயார் அடுக்களையில் மயங்கி வீழ்ந்தார் என்று செய்தி வந்தது. கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதமேறி, விடியற்காலையில் மட்டுநகரில் இறங்கினோம்.

மட்டுநகரிலிருந்து தெற்கே கல்முனை வீதியிற் செல்வது இன்பமான பயணம். 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் கல்லடியில் அருகருகே நிற்கின்றன. அவற்றைக் கடந்தால் காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு என்று ஊர்கள் மாலையிற் கோத்த மணிகள் போலத் தொடர்ந்து வரும். இடப்புறம் கடல்; வலப்புறம் வாவி; நடுவே தென்னை நிழலில் ஓர் ஒடுங்கிய மணற்பட்டை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். சூரியன் எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்கள் வீடு கட்டும்போதும் சூரியனை மறக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பெரிய தாயார் கட்டிலிற் சாய்ந்திருந்தார். வைத்தியர் உப்பும் நீரும் ஏற்றி அனுப்பிவிட்டார்; அபாயம் இல்லை. ஆனால் வீட்டிலோ வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. கட்டார் நாட்டிற் பணி செய்யும் அத்தான், குளிரூட்டி ஒன்று வாங்குவதற்குப் பணம் அனுப்பியிருந்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மருமகளுக்கு அதில் விருப்பம். பகல் முழுவதும் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை என்றாள். அக்காவுக்கோ மின்பட்டியலை நினைத்தாலே நடுக்கம். அந்நடுக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இன்றி இருந்தோம். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது.

நாம் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். சிறிய குளிரூட்டி ஒன்று 1,000 வாற்று வலுவில் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 8 அலகு செலவாகும். இடையிடையே நின்று ஓடுவதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டாலும் மாதத்துக்கு 160 அலகு வரும். நமது நாட்டுக் கட்டண முறையில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் 60 அலகுக்கும் கூடிய விலை கொடுத்தல் வேண்டும். அதற்கப்பால் படிக்குப் படி விலை ஏறும். ஒரு குளிரூட்டி இவ்வீட்டைப் பல படிகள் மேலே தூக்கிவிடும். அன்றியும் பெரிய தாயார் மயங்கியது நண்பகலில், அடுக்களையில். குளிரூட்டி வரப்போவதோ படுக்கையறைக்கு.

“அப்பிடியெண்டா என்ன செய்யிற மாமா?” என்றாள் மருமகள்.

நாம் விடை கூறவில்லை. சுவரோரம் ஓர் ஏணியைச் சாத்தி ஏறி, கூரையின் உட்புறத்திற் கையை வைத்தோம். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டோம்.

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து கவனித்தல் நன்று. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குட்பட்ட இடம். ஏப்பிரல் 10ஆம் தேதியை அண்டியும் செப்தெம்பர் 3ஆம் தேதியை அண்டியும் சூரியன் அங்கு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஏனைய மாதங்களிலும் அதிக தூரம் விலகுவதில்லை. குளிர்நாட்டு வீட்டுக்குச் சுவரும் யன்னலும் எப்படியோ, நமது வீட்டுக்குக் கூரை அப்படி. தெளிந்த வானத்து நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாற்று வெயில் விழும். பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் உள்ள ஒரு கூரையை எண்ணிப் பாருங்கள். 1,000 வாற்று மின்னடுப்புக்கள் எண்பதை வீட்டின் தலையில் ஏற்றி வைத்தது போலாகும்! எமது பெரிய தாயாரின் வீட்டிலே அந்த வெயிலுக்கும் மனிதருக்கும் இடையில் நின்றது ஒரு விரற்கடைத் தடிப்பும் இல்லாத அஸ்பெஸ்ரஸ் சீற்று ஒன்றுதான். பல்லாண்டு மழையில் கறுத்துப் போன அச்சீற்று வெயிலின் பெரும் பகுதியை உறிஞ்சி, அடுப்புத் தட்டுப் போலக் கீழ்நோக்கி அனல் வீசியது. மின்விசிறி செய்தது யாதெனில், மேலே தேங்கிய சூட்டைக் கீழே தள்ளியதே.

மறுநாள் காலை பழைய வீடுகளைக் காணும் ஆசையால் மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் சென்றோம். 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. அதற்கு முன் அவ்விடத்தில் வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிச் சென்ற மிதவையை ஊரார் ‘பாதை’ என்றே அழைத்தனர். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீசுவரரை வணங்கி வெளியே வந்து, வயற்கரையில் நின்ற ஒரு மண்வீட்டை அடைந்தோம்.

வெளியே கச்சான் புழுதியை வாரி இறைத்தது. குனிந்து உள்ளே புகுந்தோம். உள்ளே வேறோர் உலகம். வரிச்சுக் கட்டி மண் அப்பிய தடித்த சுவர். இடுப்பளவுக்கு இறங்கி, சுவரில் வெயில் படாது காக்கும் தாழ்வாரம். மேலே அடுக்கடுக்காக வேய்ந்த கிடுகு. அவ்வடுக்குக்களுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எஞ்சிய சூடும் முகட்டு இடுக்குக்களால் வெளியேறும். மேற்கே கச்சானுக்கு முகம் கொடுக்கும் சுவரிலே யன்னல் இல்லை. கிழக்கே கடற்காற்று வரும் பக்கம் வாசல். மின்சாரம் இன்றியே குளிர்ந்த வீடு! இதனைவிடச் சிறந்த பொறியியல் உண்டோ என்று நாம் வியந்து பேசலானோம்.

வீட்டுக்காரப் பெரியவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, “குளிர்தான் மகன், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா காத்துக்கும் நெருப்புக்கும் பயந்து ராவெல்லாம் முழிச்சிரிக்கிறது நாங்கதானே” என்றார். கிடுகை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ மாற்றவேண்டும், ஓலைக்கும் விலை, வேய்பவருக்கும் பஞ்சம் என்றும் சொன்னார். தமது மகளுக்குக் கட்டிய சீதன வீடு கல்வீடு என்பதை அவர் பெருமையோடு சுட்டிக் காட்டினார்.

அவர் சொல்லை நாம் போதிய அளவு மனத்திற் கொள்ளவில்லை. களுதாவளைக்குத் திரும்பியதும், “சீற்றைக் கழற்றிவிட்டுக் கிடுகு வேய்வோம், முன்னோர் காட்டிய வழி அதுவே” என்று வீட்டாரிடம் பிரசங்கம் செய்தோம்.

பெரிய தாயார் எழுந்து உட்கார்ந்தார்.

“நீ மேஞ்சி தந்திட்டுக் கொழும்புக்குப் போயிருவாய் மனே. ராவையில காத்தடிச்சா ஆர் எங்களப் பாக்கிற?”

அதன் பின்னர் அவர் கூறிய கதையை நாம் முன்பும் துண்டு துண்டாகக் கேட்டிருக்கின்றோம். முழுமையாகக் கேட்டது அன்றுதான். 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் தேதி இரவு. நாம் பிறப்பதற்கு முந்திய காலம். அன்று பெரிய தாயார் கைக்குழந்தையோடு இதே வளவில் இருந்த பழைய வீட்டில் இருந்தார். முன்பக்கம் கள்ளிக்கோட்டை ஓடு, பின்பக்கம் கிடுகு. மாலையில் வானம் செம்மண் நிறங்கொண்டது. இரவிலே கிடுகுகள் பறவைக் கூட்டம் போலப் பறந்தன; பின்பு ஓடுகள்; பின்பு விறாந்தைக் கூரை எழும்பி, தான் போவதோடு நில்லாது பெருவீட்டின் கைமரங்களையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. குழந்தையை நெற்பெட்டகத்தின் அடியில் வைத்துத் தாம் மேலே கவிழ்ந்து கிடந்ததாகச் சொன்னார். அக்குழந்தைதான் எமது அக்கா. முற்றத்து மாட்டை அவிழ்க்க ஓடிய அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. விடிந்தபோது ஊரிலே தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் வீழ்ந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றின் கீழ் அவரைக் கண்டெடுத்தார்கள்.

சுவரிலே மங்கிய படமாக மட்டும் நாம் அறிந்த தாய்மாமன் அவர். அப்படத்துக்கு மேலே இருந்தது அந்த அஸ்பெஸ்ரஸ் கூரை. அது பெரிய தாயாருக்கு வெறுங்கூரையன்று. 1978இன் பின் அவர் பெற்ற நித்திரை. அதனைக் கழற்று என்று புத்தகம் படித்த நாம் கூறினோம். வெட்கித் தலை குனிந்தோம்.

வழி காட்டியவர் ஊர் மேசனார். படிப்பு அதிகம் இல்லாதவர். சூறாவளிக்குப் பின் எழும்பிய வீடுகள் பலவற்றில் வேலை செய்தவர். அவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சீற்றில கை வைக்க வேணாம்” என்றார். அது சரியான வார்த்தை. அஸ்பெஸ்ரஸ் நார்த்தூசி சுவாசத்தோடு உட்சென்றால் நாட்பட்டு நுரையீரலிற் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் துணிபு. சேதமின்றி இருக்கும் சீற்றை அறுத்தலும், துளைத்தலும், உடைத்தலும், உலர்ந்த கம்பித் தூரிகையால் உரோஞ்சுதலும் கூடாது. வீட்டில் அதனை உடையோர் இதனை மறத்தலாகாது. ஆகவே, சீற்று இருந்தபடியே இருக்க, வீட்டைக் குளிர்விக்கும் வேலை நான்கு பகுதியாகத் தொடங்கிற்று.

முதலாவது, வெண்மை. சீற்றின் மேல் நேராகக் கால் வையாது, வளைகளின் மீது பலகை இட்டு, பாசியை நீரூற்றி மெதுவாகக் கழுவி, கூரைக்கென்றே விற்கப்படும் வெள்ளைப் பூச்சை இருமுறை பூசினர். புதிய வெண்பூச்சு தன்மீது விழும் வெயிலிற் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பவல்லது. இது புதுமையன்று. இந்தியாவிலே அகமதாபாத்து நகரம் 2017ஆம் ஆண்டு முதல் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை பூசி வருகின்றது. தெலுங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக்கென ஒரு கொள்கையையே வகுத்தது.

இரண்டாவது, உட்கூரை. சீற்றுக்குக் கீழே காற்றுக்கு இடைவெளி விட்டு, மரச்சட்டத்தில் மெல்லிய பலகை அறைந்து, அதன் மேல் மினுங்கும் அலுமினியத் தாளை விரித்தனர். சீற்றிலிருந்து கீழ்நோக்கி வரும் அனலை அத்தாள் ஆடி போலத் திருப்பும். இடைவெளியில் தேங்கும் சூட்டுக்கு வழியாக, முகட்டின் கீழுள்ள முக்கோணச் சுவர்களில் துவாரம் விட்டு வலை அடித்தனர். “புயல் நாளையில?” என்று பெரிய தாயார் கேட்டார். மேசனார் அத்துவாரங்களுக்கு மரக்கதவும் தாழ்ப்பாளும் செய்து கொடுத்தார்.

மூன்றாவது, மேற்குச் சுவர். பிற்பகல் வெயிலும் கச்சானும் ஒருங்கே தாக்குவது அங்குதான், அடுக்களையும் அங்குதான். கூரையை நீட்டித் தாழ்வாரம் இறக்கலாம் என்றோம். மேசனார் மறுத்தார். நீண்ட தாழ்வாரத்தின் அடியிற் புகும் பெருங்காற்றே 1978இல் பல வீடுகளின் கூரையைத் தூக்கியது என்றார். சுவரிலிருந்து விலகி, தனிக்கால்களில், வீட்டோடு ஒட்டாத ஒரு பந்தலை அமைப்பதே முறை; சூறாவளி வந்தாற் பந்தல் தனியே போகட்டும், வீடு நிற்கட்டும்! சூறாவளி வீசும் நாடுகளிலெல்லாம் பொறியியலாளர் கூறும் விதி அதுவே. கூரை மரங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டிகளையும் அவர் அன்று சோதித்து, துருப்பிடித்தவற்றை மாற்றினார்.

பந்தலுக்கு மாதிரி அடுத்த வளவிலேயே இருந்தது. களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அளவாக வெயில் விட்டு, காற்றை மறைத்துக் கொடியைப் பேணும் கலை அவ்வூராருக்குக் கைவந்தது. அதே முறையில் கிடுகுத் தட்டிகள் கட்டப்பட்டன. அவற்றின் மீது பாகலும் பயற்றையும் படர்ந்தன. கிடுகு அவ்வீட்டுக்கு மீண்டும் வந்தது; ஆனால் தலைக்கு மேலாக அன்று, பக்கத்துணையாக.

நான்காவது, பழக்கம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. காற்றோட்டம் நல்லது என்று எந்நேரமும் யன்னலைத் திறந்து வைத்தல் கச்சான் நாட்டுக்குப் பொருந்தாது. முற்பகல் முதிருமுன் மேற்கு யன்னல்களைச் சாத்துதல் வேண்டும். கச்சான் தணிந்து கடற்காற்று திரும்பும் மாலையிற் கிழக்கு யன்னல்களைத் திறத்தல் வேண்டும். கச்சான் உலர்ந்த காற்று ஆதலின், தட்டியில் நீர் தெளித்தால் ஆவியாகும் நீர் காற்றின் சூட்டைக் குடித்துவிடும். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டி நனைப்பதும், மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. காற்று ஈரமாக இருக்கும் மாதங்களில் இவ்வித்தை பலிக்காது. குளிர்சாதனப் பெட்டியையும் வெயில் காய்ந்த சுவரிலிருந்து அகற்றி, பின்னே காற்றுக்கு இடம் விட்டு வைத்தோம். பழைய மின்விசிறி 75 வாற்று இழுத்தது. புதுவகை விசிறி 30 வாற்று அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் என்று கொண்டால் மாதத்துக்கு 22 அலகுக்கும் 9 அலகுக்கும் உள்ள வேறுபாடு அது.

இவ்வளவும் செய்து முடிக்கக் குளிரூட்டிக்கென வந்த பணத்தில் ஒரு பகுதி மிஞ்சிற்று. அத்தான் முதலில் நம்பவில்லை. “வெள்ளையடிச்சா வீடு குளிருமா?” என்று தொலைபேசியிற் சிரித்தார்.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம் மீண்டும் சென்றோம். அன்றும் கச்சான் வீசியது. ஏணியேறி உட்கூரையிற் கையை வைத்தோம். எடுக்கவேண்டிய அவசியம் நேரவில்லை. மருமகள் உள்ளறையிற் படித்துக்கொண்டிருந்தாள். மின்பட்டியலை ஆவலோடு நீட்டினாள். தொகை நன்றாகக் குறைந்திருந்தது. பணத்தைப் பாராதே, அலகைப் பார் என்றோம். ஏனெனில், அவ்வாண்டில் அரசு கட்டணத்தையும் குறைத்திருந்தது. பின்னரும் அது கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றது. அலகும் முந்திய ஆண்டினும் குறைவாகவே இருந்தது. குறைகளும் உண்டு. மாரி மழையில் வெண்பூச்சு மங்கி, மறுமுறை கழுவவேண்டி வந்தது. தட்டியில் நீர் தெளிக்க ஒருவரும் நினைப்பதில்லை. காற்று முற்றாக அடங்கும் இரவுகளிற் புழுக்கம் இன்னும் உண்டு. எனினும், நண்பகலில் அடுக்களையில் நிற்க முடிகின்றது.

மட்டக்களப்பிலே வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். அவ்வளவும் வீடும் பெரிய தாயாருக்கு அவருடைய தாய் கொடுத்தவை. அவர் அக்காவுக்குக் கொடுத்தார். நாளை அது மருமகளுக்குச் சேரும். அன்று மாலை பந்தலின் கீழ் அமர்ந்து பாகற்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெரிய தாயாரிடம், வீடு எப்படி என்று கேட்டோம். அவர் கூரையை ஒருமுறையும் சுவரிலிருந்த படத்தை ஒருமுறையும் பார்த்தார்.

“இனிப் புள்ளைக்குக் குடுக்கலாம்” என்றார்.

கிழக்கே கடற்காற்று எழுந்தது. அக்கா உள்ளே சென்று யன்னல்களைத் திறந்தார்.